மாநாட்டுக்கு யார் பணம் தந்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியட்டும்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

மருத்துவர்களுக்கான மாநாடுகளுக்கும் சி.எம்.இ. எனப்படும் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளுக்கும் கிரெடிட் மணிநேரம் வழங்குவது உங்கள் கவுன்சில். மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் இப்படிப் படித்துத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் சொல்கின்றன. இனி அந்த மணிகளைக் கேட்டு விண்ணப்பிக்கும் நிகழ்ச்சி எதுவானாலும், எந்த மருந்து நிறுவனம் எவ்வளவு தந்தது, மேடையில் பேசுகிறவர்களில் யார் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார் என்ற கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வெளியிடாத நிகழ்ச்சிக்கு மணி கிடையாது. இப்படி ஒரு நிபந்தனையை நீங்கள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் கவுண்டருக்கு வந்து நின்று பார்த்தால் இது ஏன் அவசரம் என்று தெரியும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சீட்டோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" தொகையைச் சொன்னதும், "அப்ப பத்து நாளைக்கு மட்டும் குடுங்க" என்பார்கள். சிலர், "இதுல எது முக்கியமோ அத மட்டும் குடுங்கண்ணே" என்பார்கள். எது முக்கியம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. சீட்டில் நான்காவதாக இருக்கும் வைட்டமின் மாத்திரை, முதலாவதாக இருக்கும் சர்க்கரை மாத்திரையைவிட விலை கூடுதலாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வைட்டமினை ஏன் எழுதினார்கள் என்று நோயாளி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவருக்கு உண்மையிலேயே சத்துக் குறைபாடு இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.

இதே கவுண்டருக்குத்தான் மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்புகளும் வருவார்கள். எந்த டாக்டர் சீட்டில் எந்த பிராண்டு எத்தனை ஓடுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். அந்தத் தொழிலில் இதை ஆர்.சி.பி.ஏ. என்பார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்தத் தம்பிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டை முழுதாக எண்ணிப் பாருங்கள். டாக்டர் என்ன எழுதுகிறார் என்பது கம்பெனிக்குத் தெரிகிறது. கம்பெனி டாக்டருக்கு என்ன செய்தது என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரிகிறது. மருந்தைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறவருக்கு மட்டும் எதுவும் தெரிவதில்லை.

மாநாடுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. நிபுணர்கள் கூடிப் பேசாவிட்டால் மருத்துவம் தேங்கிவிடும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் தெரியவந்தது. இந்த நிலையில், எந்த அளவில் மருந்தைத் தொடங்குவது, எப்போது இரண்டாவது மாத்திரையைச் சேர்ப்பது, எப்போது இன்சுலினுக்குப் போவது என்று மேடையில் ஒரு நிபுணர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் லட்சக்கணக்கான வீடுகளின் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது. எடையைக் குறைக்கும் புதிய ஊசிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வெகோவி அதே ஆண்டு ஜூனில். வெகோவியில் இருக்கும் செமாகுளூட்டைடுக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்நாட்டுக் கம்பெனிகளும் அந்த நாளுக்காகக் காத்திருந்தன. யாருக்கு இந்த ஊசி வேண்டும், எத்தனை காலம் போட வேண்டும், நிறுத்தினால் எடை திரும்பி வருமா, குடும்பத்தால் செலவைத் தாங்க முடியுமா என்பவை நேர்மையாகப் பேசப்பட வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு மேடையில் பதில் சொல்கிறவரின் பயணச் செலவையும் பேச்சுக்கான கட்டணத்தையும் அதே ஊசியை விற்கும் நிறுவனம் கொடுத்திருந்தால், கேட்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பேச்சின் தொடக்கத்தில் ஒரு ஸ்லைடில் சில நொடிகள் காட்டினால் அது அரங்கில் இருப்பவர்களுக்குத்தான். நோயாளி அந்த அரங்கில் இல்லையே.

"ஒரு சாப்பாட்டுக்காகவா நாங்கள் மருந்தை மாற்றி எழுதுவோம்?" என்று மருத்துவர்கள் வருத்தத்தோடு கேட்பதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் மனதாரத்தான் கேட்கிறார்கள். ஆனால் இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் மருத்துவர்களே. அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து நிறுவனம் செலவு செய்து உல்லாச விடுதிகளில் நடத்திய கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர்கள் அதன்பின் என்ன எழுதினார்கள் என்று பார்த்தார்கள். ஒரு மருந்தின் பயன்பாடு இரண்டரை மடங்காகவும் இன்னொன்று மூன்று மடங்குக்கு மேலும் ஏறியிருந்தது. போவதற்கு முன் அவர்களில் பெரும்பாலானோர், இது எங்களைப் பாதிக்காது என்றே சொல்லியிருந்தார்கள். 2001-இல் வந்த இன்னொரு ஆய்வில், பயிற்சி மருத்துவர்களில் 61 சதவீதம் பேர் கம்பெனிகளின் விளம்பரம் தங்களைப் பாதிக்காது என்றார்கள். மற்ற மருத்துவர்களும் அப்படித்தானா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் 16 சதவீதம் மட்டுமே. 2016-இல் சுமார் 2.8 லட்சம் அமெரிக்க மருத்துவர்களின் விவரங்களை அலசியதில், 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாட்டை ஏற்றவர்கள்கூட அந்த பிராண்டைக் கூடுதலாக எழுதியிருப்பது தெரிந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பவாவது அங்கே தரவு இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

மாநாடுகள் கெட்டுப்போனால் எதுவரை போகும் என்பதற்கு ஆக்ஸிகாண்டின் என்ற வலி மருந்தின் கதையே போதும். அதை விற்ற பர்டியூ பார்மா நிறுவனம் 1996 முதல் 2001 வரை வலி நிவாரணம் பற்றி 40-க்கும் மேற்பட்ட கருத்தரங்குகளை நடத்தியது. மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள் என்று 5,000-க்கும் அதிகமானோர் முழுச் செலவும் கம்பெனியுடையதாக உல்லாச விடுதிகளுக்குப் போய்வந்தார்கள். வலியால் தவிக்கும் நோயாளிக்கு உதவப் படிக்கிறோம் என்றுதான் அவர்களில் பலரும் போயிருப்பார்கள். அந்த மருந்துக்கு அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டன.

இனி நம் நாட்டு விதிகளுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பரிசு, பயணம், விருந்தோம்பல், ரொக்கம் எதையும் மருந்து நிறுவனத்திடமிருந்து மருத்துவர் பெறக் கூடாது என்று 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. 2016-இல் அதற்குத் தண்டனையையும் வரையறுத்தது. 1,000 ரூபாய்க்கு மேல் என்றால் கண்டனம், 5,000-ஐத் தாண்டினால் மூன்று மாதம் பெயர் நீக்கம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல் நீக்கம் என்று படிப்படியாக. நல்ல விதிதான். ஆனால் அதே 2016 திருத்தம், முதலில் விதிக்குள் இருந்த மருத்துவர் சங்கங்களை வெளியே எடுத்துவிட்டது. ஒரு மருத்துவருக்கு நேராகக் கொடுத்தால் குற்றம், அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் மாநாட்டுக்குக் கொடுத்தால் அந்த விதி பொருந்தாது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான். பணம் நின்றுபோகவில்லை, அதற்கு வேறு பாதை கிடைத்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 22-இல் அளித்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு. ஜின்கோவிட் என்ற வைட்டமின் மாத்திரையின் விற்பனைக்காக மருத்துவர்களுக்குச் செய்த 4.72 கோடி ரூபாய் செலவுக்கு வருமான வரிச் சலுகை உண்டா என்பது கேள்வி. கூடாது என்று நீதிபதிகள் யு.யு. லலித்தும் எஸ். ரவீந்திர பட்டும் தீர்ப்பளித்தார்கள். தங்கக் காசு, டி.வி., ஃப்ரிட்ஜ், மாநாட்டுக் கட்டணம் என்று இப்படிப் போகும் பணம் கடைசியில் மருந்தின் விலையில் ஏற்றப்பட்டு நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எங்கள் கடைக்கு வந்து பத்து நாள் மாத்திரை மட்டும் வாங்கிப் போகிறவரைப் பற்றித்தான் நீதிமன்றம் பேசியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அப்புறம், இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. மருந்து நிறுவனங்கள் நேராகவோ மறைமுகமாகவோ பணம் தரும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் பங்கேற்கக் கூடாது என்று அதில் இருந்தது. கம்பெனியின் பிராண்டுப் பெயரில் இல்லாமல், மருந்தின் பொதுப் பெயரான ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற பகுதிக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதிகள் மொத்தமும் நிறுத்திவைக்கப்பட்டன. ஜெனரிக் பற்றிய விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு, தரப் பரிசோதனை பற்றிய மருத்துவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சச்சரவில் மாநாட்டுப் பணம் பற்றிய பகுதியும் சேர்ந்து மூழ்கிவிட்டது.

மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12-இல் வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறை ஓரளவுக்கு உதவுகிறது. நிறுவனங்கள் தாங்கள் நடத்தும் கல்வி நிகழ்ச்சிகளின் விவரத்தையும் செலவையும் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது. வெளிநாட்டில் நடத்துவதைத் தடுக்கிறது. ஆனால் அது சட்டம் கிடையாது, புகாரை முதலில் விசாரிப்பதும் அந்தந்தத் தொழில் சங்கத்தின் குழுதான். அது வந்த ஆண்டே என்ன நடந்தது? ஆப்வீ நிறுவனம் அழகு சிகிச்சை தொடர்பான மாநாடுகளுக்காக 30 மருத்துவர்களைப் பாரிஸுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்ப 1.91 கோடி ரூபாய் செலவிட்டதாக டிசம்பரில் மருந்துத் துறை கண்டறிந்து கண்டித்தது. அந்த முப்பது பேரில் ஒருவரிடம் இன்றைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர் அதைத் தெரிந்துகொள்ள என்ன வழி வைத்திருக்கிறோம்?

அமெரிக்காவில் 2010-இல் சட்டம் செய்து, 2014 செப்டம்பரிலிருந்து அரசின் இணையதளத்தில் இந்தக் கணக்கை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மருத்துவரின் பெயரைப் போட்டால் எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எதற்காக, எவ்வளவு என்று வந்துவிடும். பிரான்ஸில் மீடியேட்டர் என்ற மருந்து இதய வால்வுகளைப் பழுதாக்கிப் பலரைக் கொன்ற பிறகு, 2011-இல் இதே போன்ற சட்டம் வந்தது. அந்த மருந்தின் கேட்டை வெளியே கொண்டுவந்தவர் பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன். அங்கே போல ஓர் அழிவு நடந்த பிறகுதான் நாமும் விழித்துக்கொள்ள வேண்டுமா?

மாநாட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. நான் பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, கணக்கைக் காட்டச் சொல்கிறேன். கணக்கு வெளியே தெரிந்தால் சில செலவுகள் தானாகவே சுருங்கும் என்பதும் உண்மைதான். அரசு மருத்துவக் கல்லூரிகளின் அரங்குகள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன. நட்சத்திர ஹோட்டல் இல்லாமலும் நீரிழிவைப் பற்றிப் பாடம் நடத்தலாம். அப்படி நடத்துகிற மருத்துவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ரெப் கொண்டுவரும் பேனாவைக்கூட வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இன்றைய நிலையில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் மக்கள் எல்லா மருத்துவரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறார்கள். "டாக்டருங்க எல்லாம் கம்பெனிகிட்ட வாங்குறாங்க" என்று கடையில் நின்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். மருத்துவமனைகளில் மருத்துவர்கள் தாக்கப்படும் இந்தக் காலத்தில், நேர்மையானவர்களைக் காப்பாற்ற இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்கைப் பார்த்து மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பார்கள் சிலர். பணம் வாங்கியவர் எல்லோரும் தவறு செய்தவர் ஆகிவிட மாட்டார், ஆராய்ச்சிக்காக வாங்குகிற பணம் வேறு, உல்லாசப் பயணம் வேறு. அதைப் பிரித்துக் காட்டும்படி படிவத்தை அமையுங்கள். உடம்பை அறுக்கச் சம்மதம் கேட்கும்போது எங்களுக்குப் புரியும் என்று நம்பி விளக்கிச் சொல்கிறீர்கள் அல்லவா, இதையும் எங்களுக்குப் புரியும் என்று நம்புங்கள்.

மெடிக்கல் கடைகள் மட்டும் யோக்கியமா என்ற கேள்வியும் வரும். வரட்டும். "பத்துக்கு ரெண்டு ஃப்ரீ" சலுகைகளும், ஜெனரிக் மாத்திரையின் அச்சிட்ட விலைக்கும் கடை வாங்கும் விலைக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளியும் மக்களுக்குத் தெரிய வேண்டியவைதான். பரிசோதனைக் கூடங்களின் கமிஷனும் அப்படியே. அவை உங்கள் வரம்பில் வராது. கிரெடிட் மணி உங்கள் கையில் இருக்கிறது.

கணக்கைத் திறந்து வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை ஜெனரிக் பெயரில், வெளிப்படையான டெண்டரில், தரப் பரிசோதனையோடு வாங்கிக் காட்டியது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 2025 பிப்ரவரி 24-இல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தை மலிவாகக் கொண்டுவந்து சேர்க்க இவ்வளவு செய்த மாநிலத்தில், சீட்டில் என்ன எழுதப்படுகிறது, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற பக்கம் மட்டும் இருட்டாகவே இருக்கிறது. சேர்க்கவே கூடாத மருந்துகளைச் சேர்த்துச் செய்த கலவை மாத்திரைகளை மத்திய அரசு 2016-இல் 344, 2018-இல் 328, 2024-இல் 156 என்று தடை செய்துகொண்டே வருகிறது. அவற்றில் பலவும் தடை வரும்வரை சீட்டில் எழுதப்பட்டு எங்கள் கடைகளில் விற்றவைதான். இத்தனை ஆண்டுகள் அவற்றை எந்த மேடையில், யார் செலவில் பரிந்துரைத்தார்கள் என்று இன்று யாராலும் திரும்பிப் பார்க்க முடியாது.

நடைமுறை பெரிய சிரமமாக இருக்காது என்று நம்புகிறேன். விண்ணப்பிக்கும்போதே எதிர்பார்க்கும் நிதியையும் தருகிறவர்களின் பெயரையும் கேளுங்கள், நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதத்துக்குள் இறுதிக் கணக்கைக் கேளுங்கள். ஸ்டால் வாடகை, விருந்து, தங்கும் அறை எல்லாம் தனித்தனியாக வர வேண்டும், "இதர செலவு" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. பேச்சாளர்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்களிடம் பெற்றதைக் கையெழுத்திட்டுத் தரட்டும். எல்லாவற்றையும் உங்கள் இணையதளத்தில், மருத்துவரின் பெயரைப் போட்டுத் தேடும்படி, தமிழிலும் போடுங்கள். கணக்கு பொய் என்று தெரிந்தால் அந்த நிகழ்ச்சிக்குத் தந்த மணிகளைத் திரும்பப் பெறுங்கள். முதலில் பெரிய மாநில மாநாடுகளில் தொடங்கி, பிறகு மாவட்டக் கூட்டங்களுக்கு விரிக்கலாம். பத்துப் பேர் கூடும் கிளைக் கூட்டத்துக்கு எளிய ஒரு பக்கப் படிவம் போதும்.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வைத்து, வரைவு ஒன்றை மக்கள் கருத்துக்கு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வரைவைப் பற்றிப் பேச அழைக்கும்போது மருத்துவர் சங்கங்களோடு நோயாளிகளையும், மருந்தாளுநர்களையும், வேலையை விட்டுவிட்ட ரெப்புகள் சிலரையும் அழையுங்கள். அழைத்தால் கடையை ஒருநாள் அடைத்துவிட்டு நான் வருகிறேன்.

மரியாதையுடன்,
ஒரு மருந்தாளுநர்,
மதுரை மாவட்டம்